துண்டுக்குள் இரண்டு விரல்

சித்தூர்
6-3-2000

தாட்சுவுக்கு நைனா எழுதுவது.

நலம் என்று தொடங்குவது வழக்கம். நலம்தான். முழங்கால் மட்டும் இன்னும் பினாங்கை விட்டு வரவில்லை. சென்னையில் விமானம் இறங்கி, பஸ் ஏறி, வீட்டு வாசலில் கால் வைத்தபோது காலை பதினொரு மணி. உங்கம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நேராக மண்டிக்குப் போனேன். பாகாலாப் பக்கத்து வண்டிகள் வெல்லத்தோடு காத்திருந்தன. நான் இல்லாத நாளெல்லாம் கூட்டாளி முனிகிருஷ்ணன் ஒற்றை ஆளாகச் சமாளித்திருக்கிறான். அறுபத்து மூன்று வயதில் ஒரு வாரம் ஓய்வு எடுத்தால், எட்டாம் நாள்தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று தெரிகிறது.

போனில் பேசலாம்தான். மண்டியில் போனை எடுத்தால் பத்துப் பேர் காது கொடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

உன்னோடு நான்கு நாள் நடந்ததைத்தான் உங்கம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குச் சலித்துவிட்டது. "பொண்ணப் பாத்துட்டு வாய்யான்னு அனுப்பினா, ஊரை அளந்துட்டு வந்துகீறே" என்கிறாள். மாட்டுத் தரகனாக இருந்த காலத்தில் பாலசமுத்திரத்திலிருந்து சந்தைக்கு நடந்தே போனவன் நான். வண்டியில் போனால் ரோடு தெரியும். நடந்தால்தான் ஊர் தெரியும். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

கடைகளுக்கு முன்னால் தூண் வைத்து, கூரை போட்டு, ஒரு கடை வாசலிலிருந்து அடுத்த கடை வாசலுக்கு வெயில் படாமல் நடக்க விட்டிருக்கிறார்களே, அதைச் சொன்னேன். நம் ஊரென்றால் அந்த இடத்தில் நானே நாற்பது மூட்டை அடுக்கியிருப்பேன். செத்தவர்களுக்காகச் சீனர்கள் காகிதத்தில் சட்டை, காகிதத்தில் கார் செய்து எரித்ததைச் சொன்னேன். "உயிரோட இருக்கறப்பவே வாங்கிக் குடுத்தா ஆவாதாமா?" என்றாள். சாலையைத் தாண்டும்போதெல்லாம் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. விடு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் லாரிகள் வந்த வேகம் அப்படி.

மூன்றாம் நாள் போன சந்தையை மறக்க முடியாது. ஜாதிக்காய் ஊறுகாய் விற்கிறவர்களைத் தாண்டி ஒரு சீனன் கடை. தென்னம்பாளையில் இறக்கிய வெல்லத்தை மூங்கில் குழாயில் வார்த்து, மெழுகுவத்தி மாதிரி அடுக்கி வைத்திருந்தான். செங் என்று பெயர் சொன்னாய். ஒரு மணி நேரம் பேசினோம், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நான் உடைத்து முகர்ந்தேன். அவன் ஒன்றை எடுத்து என் காதோரம் வைத்து உடைத்தான். வெல்லத்தில் ஈரம் இருக்கிறதா என்று உடையும் சத்தம் சொல்லிவிடும். இருபது வருஷ வியாபாரத்தில் எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. வெளுப்பாகத் தெரிய மருந்து போடாத சரக்கு. கட்டிக் கொடுக்கும்போது பூத்துப்போன இரண்டைத் தானாகவே எடுத்துத் தூரப் போட்டான். காசு வேண்டாம் என்றான். வியாபாரிக்கு அது அழகில்லை என்று தமிழில் திட்டினேன். சிரித்தான். ஒரு வேடிக்கை பார், அவனும் என்னை நைனா என்றே கூப்பிட்டான். அவர்கள் பாஷையிலும் அப்படி ஏதோ ஒரு வார்த்தை இருக்கும்போல.

என் தோல் செருப்பு முதல் நாளே வார் அறுந்ததா, உன் வீட்டு வாசலில் எனக்காக வாங்கி வைத்திருந்த ரப்பர் செருப்பில்தான் ஊரையே சுற்றினேன். ஊருக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மண்டிக்கும் அதுதான். ஒரே குறை, ஒரு விரற்கடை பெரிசு. நைனா கால் அளவு மறந்துபோச்சா?

இனி முக்கியமான விஷயம்.

கடைசி நாள் அக்கரைக்குப் படகில் போனோம். போகும்போது டிக்கெட் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கேட்டார்கள். தீவை விட்டுப் போவது சும்மா, திரும்பி வருவதற்குத்தான் விலை. எந்த வியாபாரி யோசித்து வைத்தானோ, சரியாகத்தான் வைத்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. எப்போது ஊருக்கே திரும்பி வருவாய் என்று உன்னைக் கேட்டுவரச் சொல்லித்தான் உங்கம்மா அனுப்பினாள். நாலு நாளும் தொண்டை வரைக்கும் வந்து வந்து நின்ற கேள்வி. படகில் நம்மைச் சுற்றித் தமிழ் பேசுகிற கூட்டம். அதனால்தான் மாட்டுச் சந்தையில் விரலால் விலை பேசச் செய்வதுபோல் தோள் துண்டை எடுத்து நம் கைகளின்மேல் போட்டேன். வாய் திறக்காமல் உன் மணிக்கட்டை அழுத்திக் கேட்டேன். நீ இரண்டு விரலைக் கொடுத்தாய். உள்ளங்கையில் தட்டி முடித்தேன். ஒன்பது வயதில் சந்தையில் சொல்லிக் கொடுத்தது, இன்னும் மறக்கவில்லை உனக்கு. இரண்டு மாதம். துண்டுக்குள் முடிந்ததை வெளியே பேசக்கூடாது, அதனால் அதற்குமேல் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாளே திருப்பதிக்குப் போய், பாலாஜி காலனியில் உனக்கு ஒரு வீடு பார்த்துச் சாவி வாங்கிவிட்டேன். சித்தூரில் இருந்தால் மதனப்பள்ளிக் கதையைக் கிளறுவார்கள். உன்னை அந்தப் புருஷன் வீட்டிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு நான் அழைத்து வந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகியும் கிளறுகிறார்கள். திருப்பதியில் வருகிறவனும் போகிறவனும்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. புதிதாக ஆரம்பித்த இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். "ரேப்பே பம்பிஞ்சண்டி", நாளைக்கே அனுப்புங்கள் என்கிறார் பிரின்சிபால்.

வேலையை விடுகிற கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்துவிட்டாயா? அதை மட்டும் உடனே எழுது.

நைனா
வேதாச்சலம்


பினாங்கு
4-3-2000

அன்புள்ள நைனாவுக்கு,

வீட்டில் 'நீ' என்றுதான் பேசுகிறேன், கடிதம் என்றால் 'நீங்கள்' என்றுதான் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பழக்கம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருக்களில் தனியாக நடந்து பார்த்தேன். சரிப்படவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, "இந்தக் கடை ஓடுது, அது ஓடல, பாரு, வாசப்படி தேயவே இல்ல" என்று சொல்ல ஆளில்லை. மூன்றரை வருஷமாக இங்கே இருக்கிறேன். தொழிற்சாலை பஸ், பதினான்காம் மாடி, மறுபடியும் தொழிற்சாலை பஸ். நான் குடியிருக்கிற ஊரை நீங்கள் வந்துதான் எனக்குக் காட்டினீர்கள்.

அந்த நாலு நாளும் நான் பயந்துகொண்டே நடந்தேன், தெரியுமா? வந்த அன்றைக்கே வாசலில் அவர் செருப்பைப் பார்த்தீர்கள். எடுத்து ஒளிக்க மறந்துபோனேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் அதைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிற ஆள்; ஆண் செருப்பைப் பார்த்தா புரியாது? புரிந்துகொண்டுதான் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் செங் கடைக்கு வேண்டுமென்றேதான் அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். வெளியே வந்து, "சுத்தமான கை. இந்த மாதிரி கை இப்ப எங்க கீது?" என்றீர்கள்.

அதற்கு மறுநாள் படகில் துண்டைப் போட்டீர்கள். மணிக்கட்டை அழுத்தினீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. தனியாக இருக்கிறாயா, துணை இருக்கிறதா? நான் இரண்டு விரலைக் கொடுத்தேன். நாங்கள் இரண்டு பேர், நைனா. நீங்கள் உள்ளங்கையில் தட்டி முடித்தீர்கள். கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அது உப்புக் காற்றுக்காக இல்லை.

உங்களை விமானம் ஏற்றிவிட்டு நேராகச் சந்தைக்குப் போனேன். "நைனா ஒத்துக்கினாரு" என்றேன், தமிழிலேயே. அவருக்கு அந்த இரண்டு வார்த்தையும் புரிந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் அம்மாவிடம் ஓடினார். ஜூலையில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

மதனப்பள்ளி மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்தபோது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. தாம்பூலம் மாற்றிக்கொண்டு வந்து சொன்னீர்கள். இந்த முறை துண்டு போட்டுக் கேட்டீர்கள். எனக்கு அது போதும்.

உங்கள் மகள்
தாட்சாயணி


சித்தூர்
16-3-2000

தாட்சாயணிக்கு.

நான் எழுதியதும் நீ எழுதியதும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என் கடிதத்தை நீயும் படித்திருப்பாய். உன்னுடையதை மண்டி வாசலில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். "ஏமய்யா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று முனிகிருஷ்ணன் கேட்டான்.

நான் கேட்டது அது இல்லை. எப்போது வருவாய் என்று கேட்டேன்.

செருப்பு எனக்கு வாங்கியது என்று நினைத்தேன். அந்த ஆளின் சரக்கைப் பாராட்டினேன். பெண் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. நல்ல வெல்லம் விற்கிறவனுக்கெல்லாம் பெண் கொடுப்பதென்றால் எனக்கு நூறு பெண் வேண்டும். அவன் ஜாதி என்ன, சனம் என்ன, நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் எந்தப் பாஷையில் போய் நான் நியாயம் கேட்பது? மதனப்பள்ளியிலாவது தெலுங்கில் சண்டை போட்டேன்.

சந்தையில் துண்டு போடுவதற்கு முன்னால் எதைப் பற்றிய பேச்சு, ஒரு விரல் என்றால் பத்தா நூறா என்று வாயால் சொல்லிக்கொள்வார்கள். நான் சொல்லவில்லை. அது என் தப்பு. அதனால் அந்தப் பேரம் செல்லாது.

உங்கம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. பினாங்கில் மழை என்று எழுதியிருக்கிறாள் என்றேன். செருப்பைக் கழற்றி மூலையில் போட்டாகிவிட்டது.

சாவி என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் வந்து சேர்.

வேதாச்சலம்


பினாங்கு
27-3-2000

நைனா,

இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் துண்டுக்குள் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று புரிந்தது. இரண்டாவதைப் படித்தபோது கோபம் வந்தது. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நாலாவது.

அவர்கள் பாஷையில் நைனா என்று ஒரு வார்த்தையும் இல்லை. இந்த ஊரில் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் அப்பாதான். நீங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து அவர் அந்த ஒரு வார்த்தையைக் கடையில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். கங்கையா ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு ஒன்பது வயது. தரகுப் பணத்தில் நீங்கள் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய ஜோடி மாடு. விற்பதற்கு என்னையும் தோளில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனீர்கள். வாங்க வந்த கங்கையா துண்டுக்குள் விரலைக் கொடுத்தார். நீங்கள் தட்டி முடித்தீர்கள். துண்டை எடுத்த பிறகுதான் தெரிந்தது, நீங்கள் ஒரு மாட்டுக்கு என்று நினைத்தீர்கள், அவர் ஜோடிக்கு என்று நினைத்தார். அன்றைக்கும் நீங்கள் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. செல்லாது என்று சொன்னீர்களா? இரண்டு மாட்டின் கயிற்றையும் அவர் கையில் கொடுத்தீர்கள். மாடு இல்லாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தோம். அம்மா சட்டிபானையைப் போட்டு உடைத்தாள். அப்போது நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "துண்டுக்குள்ள குடுத்த கைய வெளிய வந்து இல்லன்னு சொன்னா, அப்பறம் எவன்டி என் கையப் புடிப்பான்?"

அடுத்த சந்தையிலிருந்து எல்லோரும் வேதாச்சலத்தின் கைதான் வேண்டும் என்று வந்தார்கள். மண்டி எழுந்தது அந்தக் கையில்தான்.

ஊரான் கங்கையாவுக்கு நின்ற கை, பெற்ற பெண்ணுக்கு நிற்காதா நைனா?

செங்குக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அம்மா காலண்டரை வைத்துக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் ஒரு நாளைக் காட்டி "இது ஆகுமா?" என்று சைகையில் கேட்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன்.

எந்தப் பாஷையில் நியாயம் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் எந்தப் பாஷையில் வெல்லம் பேசினீர்களோ, அந்தப் பாஷையில் கேளுங்கள்.

நான் வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு சாவிக்காக வர மாட்டேன்.

தாட்சாயணி


திருப்பதி
19-4-2000

தாட்சு,

இதை உனக்காகப் பார்த்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலி இல்லை. தரையில் துண்டை விரித்திருக்கிறேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் காலையில் பஸ் ஏறி வந்தேன். வீட்டுக்காரர் வெங்கடரமணன் மலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? நடந்தேன்.

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு வேலை அதிகம் என்று எழுதலாம். பொய். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது உங்கம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"மழ இன்னும் நிக்கலியா பினாங்குல?" என்றாள்.

கடிதத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"எனுக்கு எல்லாம் தெரியும்யா. நீ வந்த அன்னிக்கே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"உன் காலு எட்டு. வாசல்ல கழட்டிப் போட்டியே, அது ஒம்போது. அவ சின்னதுலேர்ந்து உன் செருப்பத் தூக்கிக்கினு பின்னாடியே ஓடினவ. உன் கால் அளவு அவ மறப்பாளா? அது வேற ஆம்பள செருப்பு. தானா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீ இன்னாடான்னா அத்தப் போட்டுக்கினு ஊர்கோலம் போறே."

அதன் பிறகு படித்துக் காட்டினேன், இரண்டு கடிதத்தையும். கங்கையா கதை வந்த இடத்தில் சிரித்தாள். "நான் சட்டி ஒடச்சத மட்டும் மறக்காம எழுதிகீறா பாரு" என்றாள். அப்புறம் அழுதாள். மூலையில் கிடந்த செருப்பைக் கழுவி என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இன்று வந்தேன்.

லீலா மகால் பக்கத்திலிருந்து காந்தி ரோடு, கோவிந்தராஜ சுவாமி கோயில், பஸ் ஸ்டாண்டு, மறுபடியும் இங்கே. இருபது வருஷமாக வந்து போகிற ஊர். சரக்கு இறக்கினோமா, பஸ்ஸைப் பிடித்தோமா என்றே வந்திருக்கிறேன். உன்னோடு நடந்த மாதிரி நடந்தது இதுதான் முதல் தடவை. ஒன்று கவனித்தேன். மலைக்குப் போகிறவன் ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசுகிறான். முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு இறங்கி வருகிறவன் பேசுவதில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போகிறான். உனக்குச் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு அம்மாள் முறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு. எல்லாவற்றிலும் அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய். வாசலில் நம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். திரும்பி வருவது எப்படி என்று எந்த போர்டிலும் இல்லை. உனக்காக இங்கே வீடு தேடியபோது இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். நீ வருவாயா என்று பார்க்கவில்லை.

கங்கையா விஷயத்தில் நீ எழுதியது சரி. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் கயிற்றைக் கொடுத்தது நேர்மைக்காக மட்டும் இல்லை. சுற்றிச் சந்தையே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் இல்லை என்றால் என் பிழைப்பு போயிருக்கும். படகில் யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் கொடுத்த கையை இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நீ பிடித்துவிட்டாய். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதையும் மறைக்கவில்லை. பிடித்துக்கொண்டா கங்கையாவுக்கு மாட்டைக் கொடுத்தேன்? கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆக, பேரம் செல்லும். ஆனால் கேட்டுக்கொள், செல்லும் என்றால் இரண்டும் செல்லும். நீ கொடுத்த இரண்டு விரல் உனக்கு இரண்டு பேர், எனக்கு இரண்டு மாதம். ஒரே தட்டில் இரண்டு பேரமும் முடிந்திருக்கிறது. உன்னுடையதை நான் ஏற்கிறேன் என்றால் என்னுடையதை நீ தள்ள முடியாது. இரண்டு பேரும் இரண்டு மாதம் இந்த வீட்டில் வந்து இருங்கள். அவனையும் நான் நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். நாலு நாள் கூட நடந்தால் ஒரு மனிதன் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். உன்னைத்தான் எனக்குத் தெரியாமல் போனது.

வெங்கடரமணன் வந்துவிட்டார், கதவைத் தட்டுகிறார். சாவியைக் கொடுக்கப் போவதில்லை என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கடிதத்தில் 'நீங்கள்' போடாதே. கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நைனா


பினாங்கு
1-5-2000

நைனா,

சரி, நீ.

உன் கடிதத்தை அவரிடம் வரி வரியாகச் சொன்னேன். செருப்பு இடத்தில் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாசலில் வைத்தது காணாமல் போனதும் திருட்டு என்று நினைத்து, ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாராம். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நைனா காலில் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 'பிடித்துக்கொண்டா கங்கையாவுக்குக் கொடுத்தேன்' என்ற இடத்தில் சிரிக்கவில்லை. "சுத்தமான கை" என்றார். நீ அவரைச் சொன்ன அதே வார்த்தை.

இரண்டு மாதம் ஆகாது, நைனா. எனக்கு லீவு இரண்டு வாரம். அவர் அம்மா தனியாகக் கடையைப் பார்ப்பதும் இரண்டு வாரத்துக்குத்தான் முடியும். நீயும் படகில் மாதம் என்று வாயால் சொல்லவில்லை. விரல் இரண்டுதான், வாரமா மாதமா என்று நான் இப்போது சொல்கிறேன். வாரம்.

இன்னொன்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், துண்டு போடாமல். நாளைக்கு மறுபடியும் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடாது. இருப்பதற்குத் திரும்பி வர மாட்டேன். காலேஜில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். வருவேன், போவேன். நீயும் வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. திரும்பி வருவதற்குத்தான் விலை என்று எழுதினாயே. ஒவ்வொரு தரமும் அந்த விலையைக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்குமேல் என்னால் ஆகாது.

இதற்கு நீ தட்டி முடிப்பாயா, மாட்டாயா? வாயால் சொல், அதாவது எழுது. ஜூலைப் பதிவுக்கு முன்னாலேயே, ஜூன் பத்தாம் தேதி புறப்படுகிறோம்.

அம்மாவிடம் சொல், அந்தச் சட்டி உடைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

தாட்சு


சித்தூர்
22-5-2000

தாட்சு,

முடிந்தது. வாரம்தான்.

உன் கடிதத்தை உங்கம்மா முழுக்கக் கேட்டாள். "வந்து போறேன்னாவது சொல்றாளே. சொல்லாம போன பொண்ணுங்க எத்தினி கீது" என்றாள். பிறகு எழுந்து அரிசி புடைக்கப் போனாள். நான் மண்டிக்குப் போய் இரண்டு வண்டி இறக்கினேன். வேலை இருப்பது ஒரு விதத்தில் நல்லது.

காலேஜில் சொல்லிவிட்டேன். பிரின்சிபாலுக்கு முகம் வாடிவிட்டது. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டை ஜூன் முடியும்வரை வைத்துக்கொள்கிறேன் என்று வெங்கடரமணனிடம் சொன்னேன். "இத்தனை நாளாகப் பூட்டியே வைத்திருக்கிறீர்கள், யார் வருகிறார்கள்?" என்றார். "ரெண்டு பேரு" என்றேன்.

பாய், தலையணை, ஒரு ஸ்டவ் எல்லாம் வண்டியில் போட்டு உங்கம்மாவோடு போய் இறக்கிவிட்டு வந்தோம். உன் கடிதம் வந்த அன்று முதல் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அந்த ஆள் சோறு துன்னுவானா, நூடுல்ஸ்தான் துன்னுவானா என்று. நீயே எழுதிவிடு.

அவனுடைய செருப்பைத் திருப்பித் தர முடியாது. திருப்பதி முழுவதும் நடந்ததில் குதிகால் பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. காந்தி ரோட்டில் ஒன்பதாம் நம்பரில் புதிது ஒன்று வாங்கினேன். அந்த வீட்டு வாசலில் வைத்திருக்கிறோம். வைப்பதற்கு முன்னால் அளவு சரியா என்று என்னையே போட்டுப் பார்க்கச் சொன்னாள் உங்கம்மா. கூடத்தில் நாலு நடை நடந்து பார்த்தேன்.

ஒரு விரற்கடை பெரிசு. அவனுக்குச் சரியாக இருக்கும்.

நைனா